கறுப்பின் மேல் கறுப்பு

கொலைகாரன் யார் என்பது கடைசி வரி வரைக்கும் தன் மனைவிக்குத் தெரியவே கூடாது என்று செயல்முறையார் சபதம் எடுத்தார். துணி துவைக்கும் இயந்திரத்தோடு வருகிற செயல்முறைக் கையேடுகளை எழுதுவது அவர் உத்தியோகம். அதனால் ஆபீசில் வைத்த பெயர் அது. இப்போது லீவு போட்டுவிட்டு, வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து துப்பறியும் கதை எழுதுகிறார். லீவுக்குள் கதை முடிந்தால் அந்த அறை அவருக்கு. முடியாவிட்டால் மனைவியின் தையல் மெஷினுக்கு. அப்படித்தான் ஒப்பந்தம்.

முதல் அத்தியாயம் முடிந்த அன்றே வந்தது வினை. டீயை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்:

"அந்த டாக்டர் பாவங்க. அவரைக் கொல்லாம விட்டிருக்கலாம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த டாக்டர்?"

"ஏதோ ஒரு டாக்டர்."

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவள் தரை துடைக்க வந்தால் சந்தேகம். வராவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

தேடிப் பிடித்து ஒரு புதுச் செயலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எழுதுவதற்கென்றே செய்தது. திறந்தால் திரை முழுக்க அதுதான். கடிகாரம், மெனு, மூலையில் இருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தட்டினால் டைப்ரைட்டர் சத்தம்கூட வரும். பின்னணிக்கு என்ன நிறம், எழுத்துக்கு என்ன நிறம், எல்லாம் நம் இஷ்டம். செயல்முறையார் இரண்டையும் கறுப்பாக்கினார். பழைய அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கிற கை அவருடையது. கல்யாணமான புதிதில், தமிழ் டைப்ரைட்டிங் டீச்சராக இருந்த மனைவியே பழக்கிவிட்ட கை. திரையையும் பார்க்காமல் அடித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மனைவி எட்டிப் பார்த்தாள். "கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப எதைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"கதையை."

"எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

அவர் இன்னும் வேகமாகத் தட்டினார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. எப்படியோ படிக்கிறாளோ?

சோதித்துப் பார்க்க, கதையில் அவளையே கொலைகாரியாகப் போட்டார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள். ராத்திரி குறட்டை விட்டுவிட்டு, விடிந்ததும் புருஷன் மேல் பழி போடுகிறவள். படித்திருந்தால் சாயங்காலத்துக்குள் வெடித்திருப்பாள். வெடிக்கவில்லை. டீயில் சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவளை வெளுத்து வாங்கினார். மனசுக்கு அப்படி ஒரு சுகம்.

லீவின் கடைசி நாள், அவள் இஞ்ச் டேப்போடு வந்து சுவரை அளந்தாள்.

"என்ன அளக்கறே?"

"மெஷின் நிக்குமான்னு பார்க்கறேன். நீங்கதான் இவ்வளவு நாளும் கறுப்பையே வெறிச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"கதை முடிஞ்சாச்சு."

"காட்டுங்க."

செயல்முறையார் திருதிருவென்று முழித்தார். காட்டாவிட்டால் அறை போகும். காட்டினால் மானம் போகும். மானத்தோடு சேர்ந்து சாப்பாடும் போகும்.

"பக்கத்தை மட்டும் எண்ணிக்கோ. படிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுத்தை வெள்ளையாக்கினார்.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்த மொழியில் அடிக்கிறோம் என்று காட்டுகிற சின்னப் பெட்டியையும் செயலி விழுங்கியிருந்தது. கீபோர்டைத் தமிழுக்கு மாற்றாமலே முழுக் கதையையும் அடித்துத் தள்ளியிருக்கிறார். தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த நொடியே நிம்மதி வந்தது. இதை எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது.

"ரகசிய பாஷை" என்றார் கம்பீரமாக. "கதை முடிஞ்சுதா இல்லையா? அறை எனக்குத்தான்."

மனைவி தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். திரையைப் பார்த்தபடியே, மேஜை ஓரத்தில் டைப் அடிப்பதுபோல விரல்களை ஓட்டினாள். அந்தந்த ஆங்கில எழுத்து இருக்கிற கட்டையில் தமிழுக்கு என்ன எழுத்து என்று விரல் சொல்லச் சொல்ல, நிதானமாக வாசித்தாள்:

"'கொலைகாரி... கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு... வீடெல்லாம் தேடினாள்.' யாருங்க இது?"

"க... கற்பனை."

"நல்லா வந்திருக்கு. முடிவை மட்டும் மாத்துங்க. கொலைகாரி மாட்டவே இல்ல, அந்த அறையும் அவளுக்கே கிடைச்சுது."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியவள், கதவருகே நின்று திரும்பினாள்.

"அதையாவது தமிழ்ல அடிங்க."