தவமணியின் பக்கம்

கணவனை இழந்த ஒரு பெண்ணை, கிணற்றுக்காக, சபை நடுவே புண்படுத்தியவன் நான். அப்போது வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்கி ஓய்வுபெற்றிருந்தேன் (சிரிக்க விரும்புவோர் இங்கேயே சிரிக்கலாம்).

எங்கள் ஊரான சரவணையில் எங்கள் கிணறு மூன்று குடும்பத்துப் பங்குக் கிணறு. நான் அதில் மோட்டார் பூட்ட வேண்டும் என்றேன். என் மனைவியின் தங்கை தவமணி மறுத்தார். பங்காளிகள் எல்லாரும் கிணற்றடியில் கூடினோம். முன்னேற்றம், உரிமை, விஞ்ஞானம் என்று முழங்கினேன். அவர் அசையவில்லை. எனக்குச் சொல் தீர்ந்தது, விஷம் மிஞ்சியிருந்தது.

"உம்மடை வாய்க்குப் பயந்துதான் அந்த மனுசன் வெள்ளனவே போய்ச் சேந்தவர்."

தவமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"அத்தான், உங்கடை பக்கத்தை நான் சொல்லுறன். பிழையெண்டால் திருத்துங்கோ. உங்களுக்கு முழங்கால் நோ, வாளியாலை அள்ள ஏலாது. அக்கா உங்களுக்கும் சேத்து அள்ளிக் களைக்கிறா. அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கம். சரியோ?"

நான் முழங்காலைப் பற்றி வாயே திறந்திருக்கவில்லை. "ஓம்" என்றேன்.

"இப்ப என்ரை பக்கத்தைச் சொல்லுங்கோ."

எத்தனையோ மேடை கண்டவன் நான். அவர் பக்கம் எனக்குத் தெரியாது. கேட்டால்தானே! அத்தனை பெரிய அடி வாங்கிய பிறகும் என் நியாயத்தை என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்ல ஒரு மனுசியால் எப்படி முடிந்தது?

அன்றிரவு மனைவியிடம் கேட்டு அறிந்துகொண்டு, மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் கண்டபடி உறிஞ்சினால் கோடையில் கிணற்றில் உப்புநீர் ஏறும், அவருடைய மிளகாய்க் கன்று கருகும் என்று ஒப்பித்தேன்.

"கிணத்துக் கதை சரி. மற்றது?"

"உம்மடை குரல் கேளாட்டில் உம்மடை மனுசனுக்கு நித்திரை வராது. அதை அறிஞ்சுகொண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதைச் சபையிலை சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். சின்ன மோட்டார் ஒன்று, காலையில் கொஞ்ச நேரம் மட்டும் என்று முடிவாயிற்று. தவமணி என்னோடு பேசுகிறார். கணவர் பெயரை மட்டும் என் முன்னால் எடுப்பதில்லை.

எங்கள் குசினியில் குழம்புக்குப் புளி கூடிவிட்டது என்று நான் குரலை உயர்த்தினாலும், மனைவி அகப்பையை வைத்துவிட்டுக் கேட்பாள்: "முதல் என்ரை பக்கத்தைச் சொல்லுங்கோ."

சண்டை அதோடு நின்றுவிடும். எனக்கு இன்னும் தெரிவதில்லை.