கம்ப்யூட்டருக்கு ப்ரைமர் அடித்த விவகாரம்

புதுச்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

அப்பா வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பண்ணையில் ஆறாயிரம் கோழிகளும் நலம். அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நிலாவும் நலமாயிருக்க ஆஞ்சநேயர் அருள வேண்டும். போனில் பேசினால் குரல் கம்மிப்போகிறது. அதனால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நிற்க. போன வாரம் வீடியோ காலில், "ஏனுங்கப்பா, கண்ணு இப்படிச் செவந்து கெடக்குது? ராத்திரியில வெள்ளைத் திரையவே பாத்துட்டிருந்தா அப்படித்தானுங்க ஆகும்" என்றாய். அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, திரையைக் கருப்பாக்கும் டார்க் தீம் போட்டு வைப்பதாகவும் சொன்னாய். நான் மறந்துவிட்டேன். மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் திரை இருட்டடித்து நிற்கவும், கரண்ட் போய்விட்டதென்று ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டு, பதற்றத்தில் கோழி ஷெட் விளக்குச் சுவிட்சையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடியதைக் கவனிக்கவில்லை. விளக்கு எரிந்ததும் விடிந்துவிட்டதென்று ஆறாயிரம் கோழியும் ஒரே சத்தம். தீவனம் போடும் ஆத்தாயி கூடையும் கையுமாக ஓடிவந்து, "ஏனுங்க, அதுக்குள்ள விடிஞ்சிருச்சுங்களா? இப்பத்தானுங்க சோறு தின்னுப்போட்டுப் படுத்தேன்!" என்று அழாத குறை. மறுநாள் கோழிகள் என்னைப் போலவே தூங்கி வழிந்தன. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற நம் சின்னண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது ப்ரைமருங்க. மொதல்ல இதுதான் அடிப்பாங்க, கலரு பொறவு வரும், பொறுங்க" என்றான். அதை நம்பி இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகுதான் நீ சொன்ன டார்க் தீம் ஞாபகம் வந்தது.

கருப்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அதோடு திரையில் வைத்திருந்த உங்கம்மா படமும் போய்விட்டதே, அதுதான் தாங்கவில்லை. சௌந்திரம் கண்மூடி நாலு மாதமாகிறது. கொல்லிமலையில் பலாச்சுளையும் கையுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாளே, அந்தப் படம். தினமும் சாப்பிட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு எத்தனை முட்டை, எந்தக் கோழிக்குச் சீக்கு என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். உயிரோடு இருந்தபோதும் அவள் இதற்கெல்லாம் "செரிங்க" என்பதோடு சரி.

ஆகவே கருப்பை எடுத்துவிட்டுப் படத்தைப் பழையபடி போட்டுவிடு. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். பொங்கலுக்கு லீவு போட்டு வருவதாகச் சொன்னாயே, வீண் அலைச்சல். வேலையைப் பார்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நிலாவுக்குத் தினம் ஒரு முட்டை கொடு, மஞ்சளை எடுத்து வீசாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: படத்தைப் போடாதே, சாமி. கருப்பாகவே இருக்கட்டும். கண் சிவந்தது திரை வெளிச்சத்தால் இல்லை. அவளைப் பார்த்தால் அழாமல் இருக்க முடியவில்லை. சோறும் தொண்டையில் இறங்குவதில்லை. பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. லீவு கொஞ்சம் முன்னாடியே கிடைக்குமா என்று கேட்டுப் பார்.