மேசை கடலுக்குப் போன நாள்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சண்டை வரக் கூடாது.

நான். என் அம்மா. என் தாய்மாமன். பெண்ணின் அப்பா. பெண்ணின் அண்ணன் செந்தில். பெண், மேகலா. தண்ணீரில் வலையோடு ஒரு பெரியவர், பெயர் தெரியாது. மணி என்று ஒரு நாய்.

அவ்வளவுதான். பெண்ணின் அம்மா அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை. (இன்றைக்கு இந்தக் கதையை எல்லோரையும் விட நன்றாகச் சொல்வது அவர்தான்.)

எனக்கு ஊர் கீரமங்கலம். எட்டாவது வரை படித்தேன். மினி லோடு வண்டி ஓட்டினேன். பூ ஏற்றுவேன், தேங்காய் ஏற்றுவேன். பல இடங்களில் பெண் பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் மிக்சர் நன்றாக இருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மேகலா மணமேல்குடிப் பக்கம், கடற்கரை ஊர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான் வண்டியைக் கழுவியதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர்கள் கூடத்தில் நீளமாக ஒரு மேசை. பூப்போட்ட பெட்ஷீட் விரித்திருந்தது. கொண்டுபோன பழத்தட்டு, பூத்தட்டு எல்லாவற்றையும் அம்மா அதன் மேல் வைத்தார்.

பேச்சு முடியும் வரை பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். (காபி, மிக்சர் கணக்கில் வராது.) மாமா இதில் ரொம்பக் கண்டிப்பு. அடுக்களையிலிருந்து மீன் வாசம் வந்துகொண்டே இருந்தது. மாமா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிங்க. ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக்கு வேலை இங்கிட்டு. கல்யாணம் ஆனா மாப்பிள்ளை இங்க வந்துதான் இருக்கணும்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கள்ல அப்படி வழக்கம் இல்லைங்களே."

"முன்ன வந்த ரெண்டு எடத்துல சரின்னுட்டுத்தான் போனாங்க," என்றார் செந்தில். "அப்பறம் போன்ல, கருவாட்டு வாசம் ஒத்துக்கலை, உப்புக்காத்து ஒத்துக்கலைங்கிறாங்க. அதான் மொதல்லயே கேட்டுர்றோம்."

மேகலா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். மாமா எழுந்துவிடுவார் போலத் தெரிந்தது. அவர் எழுந்தால் இந்த இடமும் போச்சு. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அப்போதும் மூன்றே வார்த்தைதான் சொன்னேன்.

"எனக்குக் கடல்னா உசுரு."

(கடலை அதுவரை வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தேன். அதுவும் டீசல் போட நிற்கும்போது.)

அம்மா திரும்பினார். "ஒனக்கா?"

செந்திலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா மாப்ள? நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

பொய் இல்லை. கிணற்று நீச்சல். கிணற்றில் நாலு வீச்சுப் போட்டால் படிக்கட்டு வந்துவிடும்.

"அப்ப எந்திரிங்க. அத்தே, இந்தத் தட்டெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கங்க."

பெட்ஷீட்டை உருவினார். அது மேசை இல்லை. இரண்டு ஸ்டூல் மேல் ஒரு பலகை. டியூப் மாதிரி காற்று அடைத்தது, ஆள் நீளத்தில் இரண்டு மடங்கு. நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை என்றார். செந்தில் மாலத்தீவில் ஓட்டல் வேலை பார்த்தவர், வரும்போது கொண்டுவந்தாராம். நடுவில் கம்பம் மாட்டிப் பாய் கட்டினால் துடுப்பே வேண்டாம், காற்றே கொண்டுபோகும்.

மேசை வாசல் வழியாக வெளியே போனது. பின்னால் நாங்கள் போனோம். அம்மா கையில் வாழைப்பழச் சீப்பு.

கரையில் செந்தில் எனக்கு டவுசர் ஒன்றை நீட்டினார். மாமா தடுத்துவிட்டார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல டவுசரா? வேட்டியோட போ." அது புது வேட்டி. இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வகை. கல்யாணப் பேச்சுக்கு என்றே வாங்கியது.

"காத்து கம்மி மாப்ள. பழகறதுக்கு இதான் தோது," என்றார் செந்தில். "பலகை பெருசு, ஆடாது. காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. கயித்தப் புடிச்சுப் பாயத் தூக்குங்க. அதுல உள்ள கம்பியப் புடிச்சுச் சாஞ்சுக்கங்க. அவ்வளவுதான்."

"திரும்பணும்னா?"

"அது தானா வரும்."

ஏறினேன். கயிற்றை இழுத்தேன். பாயிலிருந்து தண்ணீர் வடிந்து, பாய் எழுந்து நின்றது. கம்பியைப் பிடித்தேன். பலகை நகர்ந்தது.

சும்மா சொல்லக் கூடாது. நன்றாக இருந்தது. சத்தம் இல்லை. என் வண்டி ஸ்டார்ட் ஆனாலே தெரு எழுந்துவிடும். இது ஒன்றும் பேசாமல் போகிறது. காலுக்குக் கீழே தண்ணீர் மட்டும் சளக் சளக்கென்கிறது. கரையில் மாமா கைதட்டினார். "பயலுக்கு இது எப்படா தெரியும்?" என்று அவர் அம்மாவிடம் கேட்டது எனக்கே கேட்டது.

போதும், திரும்பலாம் என்று நினைத்தேன்.

தானாக வரவில்லை.

கம்பத்தை அங்கிட்டுச் சாய்த்தேன். இங்கிட்டுச் சாய்த்தேன். பலகையின் மூக்கு ஒரு பக்கம் பார்த்தது, பலகை வேறு பக்கம் போனது. தெற்கேயிருந்து காற்று மெதுவாகத்தான் அடித்தது. மெதுவாகவே நான் வடக்கே போனேன். உதவிக்கு ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். கரையில் எல்லோரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். மாமா துண்டை ஆட்டினார்.

ஒரு கையில் பாய் நிற்காது. விழுந்தது. நானும் பலகை மேலேயே குப்புற விழுந்தேன். வேட்டி தண்ணீரில் தொங்கியது. ஒட்டிக்கொள்கிற வேட்டி கடலில் ஒட்டிக்கொள்ளாது. கண்ணெதிரில் வெள்ளையாக விரிந்து, என்னை விட நேராகப் போனது.

கத்தலாம்தான். கத்தினால் கடல் உயிர் என்று சொன்னது என்ன ஆவது? மேகலா என்ன நினைப்பாள்? கத்தவில்லை. உள்ளே போட்டிருந்த கட்டம் போட்ட டிராயரோடு, பலகையைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டேன். கரை நகர்ந்தது. ஒரு தென்னந்தோப்பு போனது. கருவாடு காயும் களம் ஒன்று போனது. நாய் மட்டும் கரையோரமாகக் கூடவே வந்தது. அதற்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது.

வழியில் தண்ணீரில் ஒரு பெரியவர் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தம்பி போறீங்க?"

"சும்மாங்க."

"அங்கிட்டு ஒண்ணும் இல்லையே."

"பரவாயில்லைங்க."

அவர் தலையாட்டிவிட்டு வலையைப் பார்த்தார். அவர் நின்றுகொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. நின்று என்றால், நின்று. அந்த நேரத்தில் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் தண்ணீர் சலசலத்தது. திரும்பினால் மேகலா. சுடிதாரோடு நடந்து வருகிறாள். தண்ணீர் அவள் இடுப்பு வரை.

"எறங்குங்க."

"எவ்வளவு ஆழம்?"

"நான் நீந்தியா வந்தேன்?"

இறங்கினேன். எனக்கு இடுப்புக்கும் கீழே. அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கலாம். (அந்தப் பக்கத்துக் கடல் அப்படி. போகப் போக இடுப்பளவுதான். இதைக் கரையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.)

இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வேட்டி உட்பட.

"எனக்குக் கடல்னா பயம்," என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"கடல் உசுருங்கிறவங்க வேட்டியோட எறங்க மாட்டாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"மாமா எந்திரிச்சிருவாருன்னு."

அவள் குனிந்தாள். பலகையின் அடியில் கையை விட்டுத் தடவினாள்.

"செட்டை எங்க?"

"எந்தச் செட்டை?"

"அடியில மாட்டுறது, மீன் செட்டை மாதிரி. அது இல்லாட்டி பலகை நேரா போகாது. நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும்." சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ. ஸ்டூல் மேல படியலைன்னு நான்தான் நேத்து அண்ணன்கிட்டக் கழட்டச் சொன்னேன். அது அடுக்களை ஜன்னல் மூடிக்காம முட்டுக் குடுத்திருக்கு."

"பரவாயில்லைங்க."

"இங்க வந்து இருப்பீங்களா, மாட்டீங்களா? இப்ப நெசத்தைச் சொல்லுங்க."

"இருப்பேன். கரையில."

அப்போதுதான் முதல்முறை சிரித்தாள்.

பாயைக் கம்பத்திலிருந்து உருவி என்னிடம் கொடுத்தாள். இடுப்பில் சுற்றிக்கொண்டேன். எதிரே வருவதைப் பார்ப்பதற்கு அந்தப் பாயில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல் தைத்திருந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டு பேரும் சிறிது நேரம் யோசித்தோம். கடைசியில் கடல் பக்கம் வைத்தோம். பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தோம். நாய் முன்னால் போனது.

வாசலில் எல்லோரும் நின்றார்கள். பெண்ணின் அப்பா வானத்தைப் பார்த்தார். செந்தில் என் இடுப்பில் இருந்த தன் பாயைப் பார்த்தார். மாமா என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார், கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தார். பிறகு மேகலாவைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ற?"

"எனக்குச் சரிங்க," என்றாள் மேகலா.

மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"எலை போடச் சொல்லு. இனிமே இவனை வேற எந்த வீட்டுக்கும் கூட்டிட்டுப் போக முடியாது."

பாயைக் கட்டிக்கொண்டே இலையில் உட்கார்ந்தேன். மாமா இரண்டு முறை சோறு வாங்கினார். மீன் நன்றாக இருந்தது. மேசை இல்லாததால் பழத்தட்டுகள் கடைசி வரை அம்மா மடியில் இருந்தன.

இப்போது நான் இருப்பது அந்த ஊரில்தான். வண்டியில் ஐஸ் ஏற்றுகிறேன். சாயங்காலம் காற்று கம்மியாக இருந்தால் பலகையை எடுத்துக்கொண்டு போவேன். திரும்பவும் வருவேன். டவுசர்தான். பெரிய காற்று எனக்கு வேண்டாம். பாய் பாதி தூங்குகிற காற்று போதும். கிளம்பும் முன் மேகலா அடுக்களை ஜன்னலைப் பார்ப்பாள். மூடியிருந்தால் செட்டை பலகையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் யாராவது எதற்காவது தயங்கி நின்றால் மற்றவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எறங்கி நட." போன மாதம் பல் பிடுங்கப் பயந்து நின்ற மாமாவுக்கும் அதைத்தான் சொன்னோம்.

கதை ஊரெல்லாம் போய்விட்டது. கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடியது. அதில் என்னைச் சுறா துரத்துவதும் உண்டு. எனக்கு ஒரு பழக்கம். அன்றைக்கு நேரில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச மாட்டேன். மனதில் எண்ணிக்கொள்வேன். நேற்று கீரமங்கலம் டீக்கடையில் ஒருத்தர், நான் யார் என்று தெரியாமல், தான் கரையில் நின்று பார்த்ததாக என்னிடமே சொன்னார். டீக்குக் காசும் என்னையே கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு இருந்தவர்கள் என்னைச் சேர்த்து ஏழு பேர், ஒரு நாய். நேரில் பார்த்தவர்கள், நேற்று வரை, நூற்றுப் பன்னிரண்டு.