வாடை அடிக்காத பார்

பாரில் சாம்பார் வாடை அடித்தது.

லேசாக அல்ல. கண்ணை மூடி நின்றால் இலை போட்டு உட்கார்ந்துவிடலாம் போல அடித்தது. மேனேஜர் அற்புதசாமி கண்ணை மூடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயின் நிபுணர் சித்தார்த்தன் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டின் மேலேயே இருக்கும் அடைக்கலம் ரெசிடென்சியில் கீழே சைவச் சாப்பாடு, மேலே தங்கும் அறைகள், நடுவில் ஒரு ஹால் சும்மா கிடந்தது. முதலாளி அடைக்கலம் டூர் பஸ்ஸில் ஐரோப்பா சுற்றியபோது ஏதோ ஓர் ஊரில் டயர் பஞ்சராகி, ஒட்டி முடிக்கிறவரை ஒரு ஒயின் பாரில் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவருடைய ஐரோப்பா. ஊர் திரும்பியதும் ஹால் ஒயின் பாராக மாறியது. மங்கல் விளக்கு வந்தது, ஆளுயர அலமாரி வந்தது. பெரிய மனிதர் ஒருவர் "நல்ல பார்" என்று எழுதித் தருவதுதான் பாக்கி. அதற்குத்தான் பெங்களூரிலிருந்து சித்தார்த்தன்.

"அவரு நல்லா எழுதிட்டா நீ இங்கயே மேனேஜர்" என்று அடைக்கலம் சொல்லியிருந்தார். "எழுதலன்னா ஹாலைக் காதுகுத்துக்கு விட்டுடுவேன்யா."

"அப்ப நான், முதலாளி?"

"சமயபுரம் லாட்ஜ் இருக்கே."

சமயபுரம் லாட்ஜில் அற்புதசாமி ஏற்கெனவே குப்பை கொட்டியவர். மொட்டை போட்டு வரும் குடும்பங்களுக்கு விடியற்காலையில் வெந்நீர் வாளி தூக்கிய தோள் அது. "வெந்நீர் வரல" என்று யாரோ கதவைத் தட்டுவது இன்னும் கனவில் கேட்கிறது. இங்கே அவருக்குக் கறுப்புக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். மனைவி லிசி அந்தக் கோட்டோடு அவரைப் போட்டோ எடுத்துப் பாலக்கரையில் ஒரு வீடு விடாமல் அனுப்பிவிட்டாள்.

நிபுணர் முன்கூட்டியே ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"ஒரு நல்ல ஒயின் பாருக்கு எது முக்கியம்னு நினைக்கிறீங்க? டேபிளா, மியூசிக்கா? காத்துங்க. வெறும் காத்து. உள்ள எந்த வாசனையும் இருக்கக் கூடாது. வாசல்ல நின்னு ஒரே ஒரு மூச்சு இழுப்பேன். அதுலயே பாரோட ஜாதகம் தெரிஞ்சிடும்."

"பாப்பாயிக்கா, இந்தச் சாம்பார் வாடை எங்கேர்ந்து வருது?"

துடைப்பத்தோடு நின்ற பாப்பாயி அற்புதசாமியை ஒரு மாதிரி பார்த்தாள். "சாம்பார்லேர்ந்துதான் சார்."

அற்புதசாமி கீழே போய்ச் சமையலறைப் புகையை வெளியே தள்ளும் ஃபேனை நிறுத்தினார். அதன் குழாய் பாரின் சுவரை ஒட்டித்தான் போகிறது. சாம்பார் வாடை நின்றது. ஆனால் வெளியேற வழியில்லாத புகை மாடிப்படியைக் கண்டுபிடித்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். பாரில் இருந்த வெயிட்டர்கள் வரிசையாகத் தும்மினார்கள். அற்புதசாமி கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரும் கேட்காமலே பாப்பாயி சாம்பிராணி போட்டுவிட்டாள். மூலை மூலையாகக் காட்டினாள். அலமாரியில் இருந்த பாட்டில்களுக்கும் காட்டினாள்.

அப்போது உள்ளே வந்த அடைக்கலம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பிறகுதான் சுதாரித்தார்.

"என்னய்யா இது?"

"மிளகாய் நெடி போகணும்னு…"

"நெடி போயிடுச்சு. சாமி வந்துடுச்சு. இதை எப்படி அனுப்புவ?"

"பினாயில் போட்டா எதுவும் நிக்காதுங்க" என்றாள் பாப்பாயி.

அவள் சொன்னது போலவே எதுவும் நிற்கவில்லை, பினாயிலைத் தவிர. அவசரத்தில் தரை துடைத்த அதே துணியால் கிளாஸ்களையும் ஒரு துடை துடைத்து வைத்தாள். மாடி அறையில் தங்கியிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "டாக்டர் வந்துட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடைக்கலம் இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று தன் பையிலிருந்த துபாய் சென்ட்டை எடுத்து நாலா பக்கமும் அடித்தார். ஆஸ்பத்திரிக்குள் கல்யாண கோஷ்டி புகுந்த மாதிரி ஆயிற்று. தலை சுற்றிய அற்புதசாமி ஜன்னல்களைத் திறந்தார். பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்தினார். தாமதம். உள்ளே வந்த கருவாடு போக வழியில்லாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

சித்தார்த்தன் ஸ்ரீரங்கத்தில் பிறந்து பெங்களூரில் பெருத்தவர். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துணி கட்டியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டு விருந்து சீக்கிரம் முடிந்ததால் முன்னதாகவே வந்துவிட்டாராம். டிரைவர் பெட்டியோடு பின்னால் வந்தார்.

பார் வாசலில் நிபுணர் கையை உயர்த்தினார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அவர் கண்ணை மூடி, மார்பு விரிய, மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அற்புதசாமியின் காதில் சமயபுரத்து வாளிகள் உருண்டன.

"பியூட்டிஃபுல்" என்றார் சித்தார்த்தன். "மலைக்காத்து மாதிரி இருக்கு."

அடைக்கலம் அற்புதசாமியைப் பார்த்தார். அற்புதசாமி பாப்பாயியைப் பார்த்தார். பாப்பாயி மூக்கை மூடியிருந்த முந்தானையை மெதுவாக இறக்கினாள்.

ஒயின் ஊற்றப்பட்டது. கிளாஸிலிருந்து கிளம்பிய பினாயில் அற்புதசாமியின் மூக்கைத் தேடி வந்தது. நிபுணர் கிளாஸைச் சுழற்றி, தன் மூக்கை முழுசாக உள்ளே விட்டார்.

"கறுப்பு செர்ரி. மழை பெஞ்ச மண்ணு. அப்புறம் ஏதோ… தோல் பை."

"பினாயில்" என்று அற்புதசாமிக்கு வாய் தவறிவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல சார். அப்பிடியே சொல்றீங்களேன்னு…"

அற்புதசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் படிப்பு. கருவாட்டை ஒரு கையால் ஒதுக்கி, சாம்பிராணியை ஒரு கையால் ஒதுக்கி, கூட்டத்தில் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கிற தாய் மாதிரி அந்த மனிதர் செர்ரியைக் கண்டுபிடித்துவிட்டார்.

நிபுணர் அங்கேயே போனில் எழுதி வாசித்தும் காட்டினார். "தென்னிந்தியாவில் நான் சுவாசித்த மிகத் தூய்மையான பார்."

அவர் அறைக்குப் போனதும் அடைக்கலம் அற்புதசாமியின் தோளில் தட்டினார். "பார்த்தியா? எனக்கு அப்பவே தெரியும்யா. கோளாறு காத்துல இல்ல, நம்ம மூக்குல. நீ இங்கயே இரு."

அற்புதசாமி மாடிப்படியில் நின்று லிசிக்குப் போன் போட்டார்.

"சமயபுரம் இல்லடி. கோட்டு நமக்குத்தான்."

"மாதாவே. சரி, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நம்ம பக்கம் நல்ல மூக்கு டாக்டர் யாராவது இருந்தா விசாரிச்சு வை."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மலைக்காத்து எனக்குக் கருவாடாத் தெரியுது."

யாரோ முதுகைத் தொட்டார்கள். நிபுணரின் டிரைவர் கையில் ஒரு சட்டையோடு நின்றிருந்தார்.

"அண்ணே, ஒரு உதவி. இதை நாளைக்கும் போடலாமா, வேர்வை நாத்தம் அடிக்குதான்னு கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்களேன். கொரோனா வந்து போனதுலேர்ந்து சாருக்கு மூக்குல ஒண்ணுமே தெரியாதுங்க, எல்லாத்தையும் நான்தான் மோந்து சொல்றது. இன்னைக்குன்னு பார்த்து எனக்கு ஜலதோஷம்."