லாரி நம்பரில் பூட்டிய ரகசியம்

ஒரு பூட்டை நம்பி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். எங்கள் வீட்டில் இதை நகைச்சுவையாகத்தான் சொல்வார்கள். நானும் சிரித்து வைப்பேன் (சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்கள்).

எண்பதுகளின் தொடக்கம். சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுப் பொருள், நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் உடல்நலம். லாரிக்காரர் மகள் என்பதால் தயங்காமல் பேசினார்கள். சொல்வது எதுவும் வெளியே போகாது என்று நாற்பது பேருக்கு வாக்குக் கொடுத்தேன். அதில் ஒருவர் அப்பாவின் வண்டியையே ஓட்டிய, எட்டாவது வரை படித்த பழனிசாமியண்ணன்.

"எடது கண்ணு பொகையாட்டத்தான் தெரியுது, இப்ப வலதும் மங்கிட்டு வருது அம்முணி. மேட்டூர்ல அடுத்த மாசம் கண்ணு முகாம் போடறாங்களாமா, ஆப்பரேசன் பண்ணிக்கறனுங்க. அது வரைக்கும் மொதலாளிக்குத் தெரிய வேண்டாமுங்க."

"என் உசுரே போனாலும் சொல்ல மாட்டனுங்கண்ணா" என்றேன். அந்த வயதில் எடுத்ததற்கெல்லாம் உயிரைப் பணயம் வைப்பேன்.

படிவங்களைப் பூட்டி வைக்க வேண்டும், பூட்டுக்கு யாருக்கும் தோன்றாத எண்ணாக வைக்க வேண்டும் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேலம் கடைவீதியில் நான்கு இலக்க நம்பர் பூட்டு வாங்கித் தகரப் பெட்டியில் மாட்டி, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறந்த ஆண்டு வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். (நான் பிறந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதையே வைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.) கடைசியில் அப்பாவின் லாரி நம்பரை வைத்தேன். வண்டியின் முன்னாலும் பின்னாலும் பெயிண்டில் எழுதி, ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்த எண் அது. அதை ரகசியம் என்று நினைத்த என் அறிவை என்னவென்று சொல்ல!

ஒரு வாரம் கழித்து அப்பா வண்டியின் பர்மிட்டைத் தேடியிருக்கிறார். நான் வீடு திரும்பியபோது பெட்டி திறந்து கிடந்தது. அவர் கையில் ஒரு படிவம்.

"எப்படிங்கப்பா தொறந்தீங்க?"

"நம்ம ஊட்டுப் பூட்டுக்கு வேறென்ன நம்பர் இருக்கப் போகுது? மொதத் தடவையே தொறந்துக்கிச்சு." அவர் சிரிக்கவில்லை. "பழனிசாமிக்குக் கண்ணு மங்கலுன்னு உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அந்த ஒரு மாசத்துல எவன் மேலயாவது ஏத்திட்டா?" என்றார். மறுநாள் காலை ஷெட்டில் பத்துப் பேர் பார்க்க அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பழனிசாமியண்ணன் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

மற்ற ஓட்டுநர்களின் வியாதிகள் ஒரே நாளில் குணமாகின. "எனக்குச் சர்க்கரைன்னு எழுதியிருந்தா அடிச்சுருங்க அம்முணி" என்று வரிசையாக வந்தார்கள். என் ஆய்வின்படி நாமக்கல் ஓட்டுநர்களுக்கு வயதாவதே இல்லை. ஒரு செய்தி ஊரெல்லாம் பரவ வேண்டுமென்றால், "அக்கா பொட்டியில வெச்சுப் பூட்டுங்க" என்று இன்றைக்கும் சொல்கிறான் என் தம்பி.

இரண்டு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பழனிசாமியண்ணனைப் பார்த்தேன். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருக்கு வண்டி ஓட்டுவதாகச் சொன்னார்.

"கண்ணு எப்படிங்கண்ணா இருக்குது?"

"ஆப்பரேசன் ஆயிருச்சு அம்முணி. பளிச்சுன்னு தெரியுதுங்க."

எனக்குப் பெரிய நிம்மதி. அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. நெற்றியில் முழ நீளத்துக்குச் சேலம் என்று எழுதியிருந்தது. அவர் என்னை விட்டு நாலடி தள்ளிப் போய், அங்கே நின்றவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, இது சேலம் போறதுங்களா?"