இலங்கைக்கு நேரம் மாற்றியவன்

சுவிஸின் கூர் நகரத்துக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டல் சமையலறையை விட்டுவிட்டு, தோளில் ஒரு பையும் கையில் கடித்த பாதிப் பாணுமாக ரயில் நிலையத்தை நோக்கி இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பெரிய சமையற்காரர் கத்தினார், நானும் கத்தினேன். அவர் அங்கேயே நின்றார், நான் நடந்தேன். அவ்வளவுதான். வேலைகளை விட்டு நடப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு (எட்டாம் வகுப்பை விட்டு நடந்ததுதான் ஆரம்பம்).

அது ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை. மறுநாள் ஓல்டனில் பாலண்ணையின் மகள் துளசிக்குக் கல்யாணம். அகதி முகாமில் பாலண்ணை எனக்குப் பக்கத்துக் கட்டில். படுக்க இடமில்லாத போதெல்லாம் நான் போய் விழுவது அவர் வீட்டு சோபாவில்தான்.

சில வருடங்களாக அவருக்குப் பார்க்கின்சன் வருத்தம். மருந்துக் குளிசை நேரத்துக்கு உள்ளே போனால் மனிதர் நடப்பார், பகிடி விடுவார். பிந்தினால் கால் இரண்டும் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அப்போது ஒரே ஒரு ஆசை. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க மணவறைவரை சொந்தக் காலால் நடந்து போகவேண்டும். சில்லுக் கதிரை (வீல்சேர்) மண்டபத்தின் பக்கமே வரக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அவருடைய மனைவி ராணியக்காவும் துளசியும் அன்று பின்னேரமே மண்டபத்துக்குப் பக்கத்தில் தங்கப் போய்விட்டார்கள். அண்ணை என் பொறுப்பு. போகும்போது அக்கா வாசலில் நின்று சொன்னார்:

"தம்பி, இண்டைக்கு இரவு நேரம் மாறுது. மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டிட்டுப் படும். மறந்திடாதேயும்."

நான் மறப்பேனா? சோபா தந்த வீட்டுக்கு நன்றிக்கடன் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? ஹாலில் ஒன்று, குசினியில் ஒன்று, ஓவனில் ஒன்று (அதற்குள் பட்டனை மாற்றி அழுத்தி கோழி பொரிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்), எல்லாவற்றையும் பின்னுக்கு விட்டேன். கடைசியாக, அண்ணை நித்திரையான பிறகு, அவருடைய கட்டிலோரம் இருந்த சின்ன மேசை மணிக்கூடு. அது ஊர் நேரம், இலங்கை நேரம், காட்டும் மணிக்கூடு என்று எனக்குத் தெரியும். நாங்கள் பின்னுக்குப் போக ஊர் மட்டும் அப்படியே நிற்பது நியாயமில்லை என்று பட்டது. அதையும் ஒரு மணித்தியாலம் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அண்ணை மெல்ல எழும்பினார். கால் இறுகிக் கிடந்தது. பெண்ணைப் பெற்றவருக்குப் பதற்றம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். குளிசையைக் கொடுக்கப் போனால், மேசை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "நேரம் கிடக்கடா, பொறு" என்றார். மண்டபத்துக்குப் புறப்படும்போது அந்த மணிக்கூட்டையும் பையில் போடச் சொன்னார். நான் காரணம் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்குச் சில பிடிவாதங்கள் இருக்கும்.

மண்டப வாசல்வரை ஒருமாதிரி வந்துவிட்டோம். உள்ளே மணவறைவரை நீளமாகச் சிவப்புக் கம்பளம். அதைக் கண்டதும் அண்ணையின் கால் நின்றுவிட்டது.

"பெண்ணின்ர தகப்பனார் எங்கை? முகூர்த்தம் போகுது!" என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டார்.

"அண்ணை, குளிசை போடுவமோ?"

"மணிக்கூட்டைப் பார்."

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "ஊர் நேரம் ரெண்டேகால். ரெண்டரைக்குத்தானே அடுத்தது? இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு."

என் மற்றக் கையில் இருந்த போனில் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணையின் தமக்கை கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடையில் புகுந்தார்.

"என்ன ரெண்டேகால்? இஞ்ச மூண்டேகாலாகுது."

"இல்லை அக்கா, உங்கட மணிக்கூடு பிழையாயிருக்கும்."

"ஊரில இருக்கிற எனக்கு ஊர் நேரம் தெரியாதோ? ஆரடா நீ?"

அண்ணை தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "குகா, இதிலயும் கை வைச்சனியோ?"

"ஓம் அண்ணை. எல்லாத்தையும்..."

"டேய், வருசத்தில ரெண்டு தரம் இந்த நாடு நேரம் மாத்தும். என்ரை வருத்தம் மாத்தாது. மாறாத மணிக்கூடு எண்டுதான் இதைப் பார்த்துக் குளிசை போடுறனான். நீ இலங்கைக்கே நேரம் மாத்திப் போட்டியே!"

உடனே குளிசையை விழுங்கினார். அது வேலை செய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும். ஐயரோ மைக்கை விடுவதாக இல்லை. யாரோ ஒருவர் கதிரை கொண்டுவர ஓடினார்.

"கதிரை வந்தால் நான் திரும்பிப் போயிடுவன்!" என்றார் அண்ணை. திரும்பிப் போகவும் கால் வராது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

நான் முன்னால் போய் அவர் கையைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்தபடி இழுத்தேன். இரவல் வேட்டி. காலில் சிக்கியது. முந்நூறு பேர் பார்க்க, அண்ணையின் காலடியில் குறுக்காக விழுந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. அண்ணை கீழே கிடந்த என்னைப் பார்த்தார். வலது காலைத் தூக்கினார். என்னைக் கடந்து வைத்தார். இடது காலும் பின்னால் வந்தது.

ஐயர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"எழும்பாத!" என்றார் அண்ணை. "உருண்டு முன்னால போ. இன்னொருக்காக் குறுக்க படு."

படுத்தேன். கடந்தார். உருண்டேன். கடந்தார். என்ன நடக்கிறதென்று விளங்காத மேளகாரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வாசிக்கத் தொடங்கினார்கள். "பொடியனுக்கு என்ன நேர்த்திக்கடனோ" என்று ஒரு மாமி உருகினார். "எனக்கு ஏன்டா முகட்டைக் காட்டுறாய்?" என்று போனுக்குள்ளிருந்து அண்ணையின் தமக்கை கத்தினார். வீடியோக்காரர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைத்தான் எடுத்தார்.

மணவறைப் படியில் நான் உருண்டு மோதியபோது அண்ணை என் தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றார். சொந்தக் காலில். கதிரையும் இல்லை, தாங்கின கையும் இல்லை. துளசி அழுதாள், பிறகு என் வேட்டியைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அண்ணை நடுங்கும் கையோடு தாரை வார்த்தார். பாதித் தண்ணீர் என் முதுகில் விழுந்தது. நான் எழும்பவில்லை. இவ்வளவு பெரிய வெற்றியில் எனக்கு இதற்கு முன் பங்கு கிடைத்ததில்லை.

சாப்பாட்டு வேளையில், ராணியக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் ஃபிராவ் கெல்லர் என்னிடம் வந்து, இது உங்கள் சமய வழக்கமா என்று கேட்டார். என் ஜெர்மனுக்கு "ஆம்" சொல்வதுதான் வசதி. சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்து உண்மையைச் சொல்லிவிட்டார். ஃபிராவ் கெல்லர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த வருத்தக்காரரின் ஒட்டின கால், குறுக்கே ஏதாவது கிடந்தால் தூக்கும். நாளைக் காலை இல்லத்துக்கு வா. அங்கே படுக்கத் தேவையில்லை, உன் கால் போதும்" என்றார்.

இன்றுவரை அந்த வீட்டில் கல்யாண வீடியோ போட்டால், தாலி கட்டுவதை ஓட்டிவிட்டு நான் உருள்வதைத்தான் பார்க்கிறார்கள். துளசியின் பிள்ளைகளுக்கு நான் "உருண்ட மாமா".

கல்யாணத்துக்கு மறுநாள் காலை இல்லத்துக்குப் போனேன். உதவியாளர் சட்டை ஒன்று தந்தார்கள், கொஞ்சம் பெரிது. சாப்பாட்டு அறை வாசலில், முன்பு ரயில் ஓட்டிய ஒரு முதியவர் அண்ணையைப் போலவே கால் ஒட்டிக் கம்பிபோல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் என் காலை அவர் முன்னால் குறுக்காக நீட்டினேன். அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகத் தூக்கிக் கடந்து வைத்தார்.

"நொமோல்" என்றார்.

இன்னொருக்கா என்று அர்த்தம். நீட்டினேன்.