சம்பந்தி ஒட்டிய டப்பாக்கள்

மேலகரம்.

அன்பு மருமகன் முஃபீத் அவர்களுக்கு மாமா முகம்மது கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமி ஹாஜரா பீவியும் இறைவன் அருளால் நலம். ஷார்ஜாவில் நீங்களும் என் மகள் ஃபாயிஸாவும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். உங்கள் வாப்பா யஹ்யாவும் மிக நலம். அதுதான் பிரச்சினை.

போன லீவில் வந்தபோது, ரிட்டையரான சம்பந்திகள் இருவரும் சும்மா இருக்க வேண்டாமென்று ஜியோகேச்சிங் கற்றுக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். ஒருவர் டப்பாவை ஒளிக்க வேண்டும்; இன்னொருவர் போனில் இடம் பார்த்துத் தேடியெடுத்து, உள்ளிருக்கும் சீட்டில் பெயர் எழுத வேண்டும். நல்ல விளையாட்டுதான். எண்ணிக்கையைவிடத் தரம்தான் முக்கியம் என்பவன் நான்; ஒளித்தது ஒரே ஒரு டப்பா. பழைய குற்றாலம் போகும் வழியில், சாரல் முகத்தில் படுகிற, மலை முழுதாகத் தெரிகிற பாறை இடுக்கில். குறிப்பை எதுகை மோனையோடு எழுதினேன். உங்கள் வாப்பாவோ இங்கிருந்து குற்றாலம் வரை லைட் கம்பம், பஸ் ஸ்டாப், பரோட்டாக் கடை போர்டு என்று ஒன்று விடாமல் காந்த டப்பாவை ஒட்டிவிட்டார். ஒருவரும் தேடி வரவில்லை என்றதும் தானே தேடி, தானே "கிடைச்சிட்டு!" என்று கூவி, தானே கையெழுத்தும் போட்டு, எண்ணிக்கை ஏறியதை எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். நான் சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தால் அதுதான் முதல் காட்சி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். "தரம் தரம்ங்கீரே மச்சான், அது என்னன்னு நானும் பாக்கேன், ஏறும்" என்று பைக்கில் கூட்டிப்போனார். போகிற வழியில் மெயின் அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தி, சீசன் கூட்டத்துக்கு நடுவில், போலீஸ் தடுப்புக்கு அடியில் தான் ஒட்டியிருந்த டப்பாவை எடுக்கக் கையை விட்டார். எவனோ "பாம்!" என்று கத்த, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் எண்ணெயோடு ஓடினார்கள். இசக்கிசெல்வி என்ற பெண் போலீஸ் ஓடி வந்தது.

"பெரியவரே, அங்கன என்னத்தத் தடவுதீரு?"

விளக்கம் சொன்னோம். அந்தப் பிள்ளை டப்பாவைத் திறந்து சீட்டைப் பார்த்தது.

"முழுக்க ஒரே பேரால்லா இருக்கு?"

"நாந்தான் ஒளிச்சேன், நாந்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப எதுக்குய்யா ஒளிச்சீரு?"

மருமகனே, இத்தனை மாதமாக நான் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது. சம்பந்தி என்ற மரியாதை வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

திட்டு வாங்கிக்கொண்டு என் டப்பாவைக் காட்டப் போனோம். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுதிய குறிப்பு எனக்கே விளங்கவில்லை. களைத்துப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்த உங்கள் வாப்பா, பிடிமானத்துக்கு இடுக்கில் கையை வைத்தார். "கிடைச்சிட்டு!" என் கன்னிச் சீட்டில் முதல் பெயர் அவருடையது! அதோடு விட்டாரா? அங்கேயே தன் டப்பாக்களையும் ஒட்டப் பார்த்தார். காந்தம் கல்லில் ஒட்டுமா? "பாறை சரியில்ல மச்சான்" என்று என் பாறையைக் குறை சொல்லுதாரு மனுசன்!

ஆகவே கம்பங்களில் உள்ள அத்தனையையும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெருநாளைக்கு அந்த வீட்டுப் பிரியாணியை நான் தொடமாட்டேன். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், என்னைவிடக் கூடுதல் பொறுமையும் தருவானாக.

இப்படிக்கு,
மாமா முகம்மது கனி

பி.கு.: வாசலில் உங்கள் வாப்பா ஹார்ன் அடிக்கிறார். புளியங்குடி ரோட்டில் வரிசையாகப் புதுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்களாம், இன்னும் யார் கையும் படவில்லையாம். அவர் முந்திவிடக் கூடாது பாருங்கள். ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது காந்த டப்பா கொடுத்துவிடுங்கள். பெரிய பாக்கெட்டாக. மாமிக்கும் வாப்பாவுக்கும் தெரிய வேண்டாம்.